சன்னல் இடுக்கும் மனச்சான்றும்

'ஆபத்துக்குப் பாவமில்லை' என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. நெருக்கடி வேளையில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு நிலைமையைச் சமாளிப்பவரைக் குறைகூறலாகாது என்பதே அதன் கருத்து. இக்கருத்து பெரும்பாலும் உண்மையே. ஆயினும், ஆபத்து நீங்கிய பின்னும் அந்த அவசர ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டால் என் செய்வது? ஏற்பாட்டைச் செய்தவர் ஒருவர், முறையாகச் செய்ய வேண்டியவர் வேறொருவர் என்றால் குறை எவரைச் சேரும்? இவ்வினாக்களை நாட்டையே உலுக்கும் நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதினும், மிகச் சிறிய வீட்டுச் செயல் ஒன்றைக் கொண்டு ஆராய்வது பயன்தரும் என எண்ணுகிறோம். குளிர்நாட்டு அடுக்குமாடி வீடொன்றில், சன்னல் இடுக்கின் வழியே நுழையும் குளிர்காற்றைத் துணியையோ தாளையோ கொண்டு அடைக்கும் செயலே அது.

காற்றை வரவேற்கும் நாட்டில் வாழும் நமக்கு இது சற்று வியப்பாகத் தோன்றலாம். 'காற்றோட்டமான வீடு' என்பது நம் வாயில் பாராட்டு. ஆனால், ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் கடுங்குளிர் நிலவும் நகரங்களில் காற்று கேளாமல் நுழையும் விருந்தாளி. கதவடியிலும் சன்னல் ஓரத்திலும் புகுந்து கால்களைக் கவ்விக்கொள்ளும். உறங்கும் குழந்தையின் முகத்தைத் தேடிச் செல்லும். டொரன்டோவிலும் இலண்டனிலும் ஆசுலோவிலும் குடியேறியுள்ள நம் பிள்ளைகள் முதற் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடங்களுள், இக்காற்றை எவ்வாறு தடுப்பது என்பதும் ஒன்று. ஆகவே, பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

குளிர் எங்கிருந்து வருகிறது?

எதையும் அடைப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும். காற்று நுழையும் வழியைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. ஊதுவத்தி ஒன்றை ஏற்றிச் சன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், இடுக்கு உள்ள இடத்தில் புகை நேராக எழாமல் வளையும். கதவின் அடிப்புறம், சட்டமும் சுவரும் சேருமிடம், வெப்பக் குழாய் தரையைத் துளைத்துச் செல்லுமிடம், வெளிச்சுவரில் பதித்த மின்செருகுப் பெட்டியின் பின்புறம் ஆகியவை பெரும்பாலும் குற்றவாளிகளாக வெளிப்படும்.

புகை வளையாத இடத்திலும் குளிர் உறைப்பதுண்டு. சன்னல் கண்ணாடி வெளிக்குளிரால் சில்லிட்டிருக்க, அதைத் தொட்ட அறைக்காற்று குளிர்ந்து கனத்து, கண்ணாடியின் மேலாகக் கீழ்நோக்கி வழிந்து தரையில் பரவுகிறது. வெளிக்காற்று சிறிதும் நுழையவில்லை. ஆயினும் காலடியில் காற்று வீசுவது போல் இருக்கும். இத்தகைய இடத்தில் எவ்வளவு பஞ்சைத் திணித்தாலும் பயனில்லை. கனத்த திரைச்சீலையோ, சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளோதான் உதவும். வெப்பமூட்டும் ரேடியேட்டரைச் சன்னலுக்கு அடியில் பொருத்தும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம். வழிந்து இறங்கும் குளிர்காற்றை, கீழிருந்து எழும் வெப்பக் காற்று எதிர்கொண்டு தடுக்கிறது. தவறான இடத்தில் செய்யப்படும் உதவி எவ்வளவு உழைப்போடு செய்யப்பட்டாலும் உதவியாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது செய்தி இன்னும் ஆழமானது. வெப்பக் காற்று இலேசானது. மேலே எழும் இயல்புடையது. உயர்ந்த கட்டடம் ஒன்று குளிர்காலத்தில் பெரிய புகைபோக்கியைப் போலவே இயங்குகிறது. உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று படிக்கட்டுகள், மின்தூக்கிக் குழிகள் வழியாக மேலேறி, மேல்மாடிகளின் திறப்புகள் வழியே வெளியேறுகிறது. வெளியேறிய அளவிற்கு ஈடாக, கீழ்மாடிகளின் இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நியூயார்க் நகரின் பழைய கட்டடங்கள் பல நீராவியால் வெப்பமூட்டப்படுகின்றன. குடியிருப்பவர் தம் விருப்பப்படி அதைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் இயலாது. ஆகவே, மேல்மாடியில் வெக்கை தாளாதவர் பனிக்காலத்திலும் சன்னலைத் திறந்து வைக்கிறார். அவர் திறந்த சன்னல், எங்கோ கீழே ஒரு வீட்டின் இடுக்கில் குளிரை இன்னும் வேகமாக இழுக்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தீங்கு நினைத்ததும் இல்லை. ஆயினும் ஒருவரின் ஆறுதல் மற்றவரின் அல்லலோடு பிணைந்து கிடக்கிறது.

நம் வீட்டில் உறைக்கும் குளிரின் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் வசதியாக இருப்பதன் விளைவு நம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதும் இல்லை. அடுக்குமாடியில் வாழ்வோர் காற்றளவில்கூடத் தனித்தவர்கள் அல்லர் என்பதை இயற்கையின் விதியே நமக்கு எடுத்துரைக்கிறது.

ஒட்டுப்போடும் கையின் மாண்பு

அவசர ஏற்பாடுகளை இழிவாகப் பேசுவது படித்தவர்களிடையே காணப்படும் பழக்கம். 'இது நோய்க்கு மருந்தன்று; வலியை மறக்கடிப்பது மட்டுமே. அடிப்படையை மாற்ற வேண்டும்' என்பர். கூற்று சரியே. ஆனால் அடிப்படை மாறும் வரை அந்த வீட்டில் ஒரு குழந்தை உறங்க வேண்டும். புதிய சன்னல் அடுத்த ஆண்டில் வரலாம். இன்றிரவின் குளிர் அடுத்த ஆண்டுவரை காத்திராது. பழைய துவாலையைச் சுருட்டிக் கதவடியில் வைக்கும் தாய், நீண்ட துணிப்பையில் அரிசியையோ மணலையோ நிரப்பிச் சன்னல் விளிம்பில் கிடத்தும் முதியவர், பொருள் பொதிந்து வந்த குமிழித் தாளைத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியில் ஒட்டும் மாணவர், இரட்டைப்பக்க டேப்பால் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் கருவியின் வெப்பத்தால் அதை விறைக்கச் செய்யும் இளந்தம்பதியர் ஆகிய அனைவரும் செய்வது ஒன்றே. தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட உயிரை, தம் கையில் இருப்பதைக் கொண்டு காக்கின்றனர். அறநெறியில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு.

முறையான பழுதுபார்ப்பு அறவே இயலாத காலங்களும் வரலாற்றில் உண்டு. போசுனிய நாட்டின் தலைநகரான சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்தது. சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து விழுந்த குண்டுகளால் அடுக்குமாடி வீடுகளின் கண்ணாடிகள் நொறுங்கின. மாற்றுக் கண்ணாடி கிடைக்கவில்லை. மின்சாரமும் எரிவாயுவும் நாள்கணக்கில் நின்றுபோயின. பூங்காக்களின் மரங்கள் விறகாயின. மேசை நாற்காலிகளும், சில வீடுகளில் நூல்களும்கூட அடுப்பில் எரிந்தன. அந்நாட்களில் ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகளுக்கான ஆணையரகம் வழங்கிய பிளாஸ்டிக் விரிப்புகளே நகரெங்கும் சன்னல்களாயின. அவை ஒளியை மங்கலாக உள்ளே விட்டன; காற்றை ஓரளவு தடுத்தன. அவற்றின் வழியே வெளியே பார்க்க இயலாது. குண்டைத் தடுக்கவும் அவற்றால் இயலாது. ஆயினும் அவற்றை ஆணியடித்து விறைப்பாக இழுத்துக் கட்டியவர்கள், 'இது இன்னும் வீடுதான். இங்கே மனிதர் வாழ்கின்றனர்' என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். 2022 முதல் உக்ரைன் நகரங்களில் உடைந்த சன்னல்களை ஒட்டுப்பலகையாலும் பிளாஸ்டிக்காலும் மூடியோரும் அதையே செய்தனர்.

எனவே, அவசர ஏற்பாட்டைச் செய்பவரின் கையை நாம் முதலில் வணங்குகிறோம். நம் வினா அந்தக் கையைப் பற்றியதன்று. அந்த ஏற்பாட்டின் வயதைப் பற்றியது, அதன் அளவைப் பற்றியது, அதன் நிழலில் ஓய்வெடுப்போரைப் பற்றியது.

எல்லாத் துளையும் குறையா?

இரசிய நாட்டு நகரங்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்த ஒரு முறை இங்கே சிந்திக்கத் தக்கது. பழைய அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களுக்கு மரத்தாலான இரட்டைச் சட்டங்கள் இருக்கும். இலையுதிர்காலத்தின் முடிவில் குடும்பத்தினர் சட்டங்களுக்கிடையிலும் இடுக்குகளிலும் பஞ்சையோ செய்தித்தாளையோ கத்தி முனையால் திணிப்பர். அதன்மேல் தாள் கீற்றுகளையோ பழைய படுக்கை விரிப்பைக் கிழித்த கீற்றுகளையோ ஒட்டுவர். ஒட்டுவதற்கு மாவுப் பசையோ ஈரமான துணிச்சோப்போ பயன்படும். இளவேனில் வந்ததும் நீரால் நனைத்துக் கீற்றுகளை உரித்தெடுத்து, கண்ணாடியைக் கழுவி, சன்னல்களை அகலத் திறந்துவிடுவர். ஆண்டுதோறும் இது நிகழும்.

இம்முறையில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, பசையின் தேர்வு. சோப்பால் ஒட்டியது குளிர்காலம் முழுதும் தாங்கும். தண்ணீர் பட்டால் விட்டுவிடும். ஒட்டும் நாளிலேயே பிரிக்கும் நாளையும் நினைந்து ஒட்டிய ஒட்டு அது. இரண்டாவது, அவர்கள் முழுச் சன்னலையும் அடைத்துவிடுவதில்லை. பெரிய சன்னலின் மேற்பகுதியில் தனியே திறந்து மூடக்கூடிய சிறு கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. 'ஃபோர்த்தச்கா' என்பது அதன் பெயர். மற்ற இடுக்குகள் யாவும் அடைபட்டாலும் அச்சிறு கதவு மட்டும் அடைபடுவதில்லை. வெளியே கடுங்குளிராயினும் நாள்தோறும் சற்றுநேரம் அதைத் திறந்து அறைக்காற்றை மாற்றுவர். குளிரை வெறுத்தவர்களும் காற்றை வெறுக்கவில்லை.

இதில் உயிருக்கே தொடர்புடைய உண்மை ஒன்று உண்டு. எரிவாயு அடுப்போ நிலக்கரி அடுப்போ எரியும் அறையில், புகைபோகும் வழியையும் காற்று வரும் வழியையும் குளிருக்கு அஞ்சி அடைத்துவிட்டால், முழுமையாக எரியாத தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்கியவர் உறங்கியவாறே இறந்துபோவர். குளிர்நாடுகளில் இத்தகைய இறப்புகள் இன்றும் நிகழ்கின்றன. அடுப்பே இல்லாத அறையிலும் வேறு வகைத் தீங்கு காத்திருக்கிறது. மனிதர் விடும் மூச்சும், சமையலின் ஆவியும், உள்ளே உலர்த்தும் துணிகளின் ஈரமும் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். படிந்த ஈரத்தில் பூஞ்சணம் கருமையாகப் பரவும்.

நிலையான தீர்வு என்று நாம் கருதுவதும் இத்தவறுக்குத் தப்புவதில்லை. இரசிய நகரங்களில் அண்மைப் பத்தாண்டுகளில் மரச்சட்டங்களை அகற்றி, இடுக்கே இல்லாத பிளாஸ்டிக் சன்னல்களைப் பலர் பொருத்தினர். குளிர்காற்று நின்றது. ஆனால் பல வீடுகளில் புழுக்கமும் கண்ணாடியில் நீர் வழிதலும் பூஞ்சணமும் தோன்றின. காரணம், அக்கட்டடங்களை வடிவமைத்தவர்கள் சன்னல் இடுக்குகள் வழியே புதுக்காற்று வரும், சமையலறை, குளியலறைத் துளைகள் வழியே பழங்காற்று வெளியேறும் என்று கணக்கிட்டிருந்தனர். குறை என்று எண்ணி அடைத்தது வீட்டின் மூச்சாக இருந்தது!

நமக்குத் தொல்லை தரும் அனைத்தும் பழுதுகள் என்று முடிவு செய்துவிடலாகாது. குடும்பத்தில் அடிக்கடி கேள்வி கேட்கும் மகன், கூட்டத்தில் எப்போதும் மாற்றுக்கருத்துக் கூறும் ஒருவர், நம் அமைதியைக் குலைக்கும் ஏழையின் முறையீடு ஆகியவை நம்மைக் குளிரச் செய்யும் காற்றாகத் தோன்றலாம். அவற்றை அடைக்கும் முன், அவ்வழியே நமக்கு மூச்சும் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடைப்பவர் ஒருவர், கடன்பட்டவர் ஒருவர்

இனி நம் வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். சரயேவோவில் சன்னலைச் சீர்செய்யப் போர் தடையாக நின்றது. அமைதி நிலவும் நகரங்களில் அத்தகைய தடை இல்லை. அங்கே சன்னலைச் சீர்செய்யும் கடமை உடையவர் ஒருவர் இருக்கிறார். வாடகை பெறும் உரிமையாளரே அவர். நியூயார்க் நகரச் சட்டத்தின்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை வெப்பமூட்டும் பருவம். அப்பருவத்தில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளிவெப்பம் 55 பாரன்ஹீட் பாகைக்குக் குறைந்தால், வீட்டினுள் குறைந்தது 68 பாகை இருக்க வேண்டும். அதாவது, 20 செல்சியசு. இரவில், வெளியே எவ்வளவாயினும், உள்ளே 62 பாகைக்குக் குறையலாகாது. வெப்பம் என்பது உரிமையாளர் காட்டும் இரக்கமாக இல்லாமல், குடியிருப்பவரின் உரிமையாக எழுதி வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் எழுத்தில் உள்ளது எப்போதும் அறையில் இருப்பதில்லை. குடியிருப்பவர் பழுதைத் தெரிவிக்கிறார், பதில் இல்லை. குழந்தை இருமுகிறது. துணியைத் திணிக்கிறார், தாளை ஒட்டுகிறார். குளிர் சற்றுக் குறைகிறது. இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஏற்பாடு எவ்வளவு திறமையாக அமைகிறதோ, அவ்வளவிற்குக் குறை கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறது. 'எப்படியோ சமாளித்துக் கொள்கிறார்களே' என்று கடன்பட்டவர் நிம்மதி அடைகிறார். ஏழையின் திறமையே அவர் உரிமைக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது.

இதன் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூகக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த குடும்பத்தின் தந்தை 2017 இல் தம் வீட்டில் பூஞ்சணம் பரவுவதைத் தெரிவித்தார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு அவருக்கு அறிவுரை கிடைத்தது. வண்ணம் பூசுவது ஒரு நாள் வேலை. கறை மறையும், ஈரம் மறையாது. அவருடைய 2 வயது மகன் 2020 டிசம்பரில் மூச்சுத்தொல்லையால் இறந்தான். போதிய காற்றோட்டமின்றிப் பூஞ்சணம் பரவிய வீட்டில் நெடுநாள் வாழ்ந்ததே அந்நோய்க்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அலுவலர் தீர்ப்பளித்தார். அதன் பின்னரே, சமூகக் குடியிருப்புகளில் இத்தகைய பழுதுகளை வரையறுத்த காலத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்ற விதிக்கு 2023 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அச்சிறுவனின் பெயராலேயே அவ்விதி வழங்கப்படுகிறது.

மற்றொன்று நியூயார்க்கில் நிகழ்ந்தது. இடுக்கை அடைத்தும் குளிர் தீராதபோது மக்கள் நாடும் அடுத்த அவசர ஏற்பாடு, மின்சாரத்தில் இயங்கும் சிறு ஹீட்டர். 2022 சனவரி 9, ஞாயிறு அன்று பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம் ஒன்றில், அத்தகைய ஹீட்டரில் ஏற்பட்ட கோளாற்றால் தீப்பற்றியது. அது பல நாட்களாகத் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் வெப்ப அமைப்பு இயங்கியதாக அதிகாரிகள் கூறினர். அது தங்களுக்குப் போதவில்லை எனக் குடியிருந்தோர் சிலர் கூறினர். தீ ஒரு வீட்டையும் அதையொட்டிய நடைகூடத்தையும் பெரிதும் தாண்டவில்லை. ஆனால் தானே மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடிக்கொள்ளவில்லை. திறந்த கதவு வழியே படிக்கட்டை அடைந்த புகை மேல்மாடிகளுக்குப் பரவியது. 17 பேர் இறந்தனர். அவர்களுள் 8 பேர் குழந்தைகள். இறந்தோரில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். குளிர்காலத்தில் கீழ்மாடியின் இடுக்கில் குளிரை இழுக்கும் அதே மேலெழும் காற்று, புகைக்கும் வழியாக அமைகிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். காற்று ஒரு வீட்டை மட்டும் அறிந்ததில்லை, தீமையும் அவ்வாறே.

இவற்றில் ஹீட்டரை வைத்தவரையோ வண்ணம் பூசியவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நம் மனச்சான்று இடந்தராது. அவர்கள் குளிரில் இருந்தவர்கள். தன் வேலையைச் செய்யாத கதவும், பதில் பெறாத முறையீடும் வேறு கைகளின் பொறுப்பில் இருந்தன. பழமொழியை நாம் முழுமையாகச் சொல்லிப் பார்ப்போம்: ஆபத்தில் இருப்பவருக்குப் பாவமில்லை. அந்த ஆபத்தை நீக்கும் கடமையும் வசதியும் உடையவர், ஆபத்தில் இருப்பவரின் சமாளிப்பைக் கண்டு அமர்ந்திருப்பாராயின், அப்பழமொழியில் அவருக்குப் புகலிடம் இல்லை.

இங்கே பிறரன்பையும் நீதியையும் பிரித்தறிவது நலம். சன்னலைச் செப்பனிடாத உரிமையாளர், குளிர்காலத்தில் குடும்பத்திற்கு ஒரு கம்பளி வீதம் வழங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெறுபவர் நன்றி கூறுவார்; பார்ப்பவர் பாராட்டுவர். ஆனால், அது கடனைத் திருப்பித் தராதவர் கடன் கொடுத்தவருக்குப் பண்டிகைப் பரிசு அனுப்புவதற்கு ஒப்பாகும். அதே கம்பளியை அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தால் அது தூய அன்பு. பொருள் ஒன்றே, கொடுப்பவர் பட்டிருக்கும் கடனைப் பொறுத்து அதன் அறம் மாறுகிறது.

ஒட்டவும் வேண்டும், எழுதவும் வேண்டும்

அப்படியானால் குடியிருப்பவர் இடுக்கை அடைக்காமல், குளிரையே சாட்சியாக நிறுத்தி உரிமைக்குப் போராட வேண்டுமா? குழந்தையின் உடலைப் போராட்டத்தின் கருவியாக்க எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. அடைத்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டுமா? அது இன்றைய குழந்தையைக் காத்து, நாளை அவ்வீட்டுக்கு வரப்போகும் குழந்தையைக் கைவிடுவதாகும். இரண்டையும் செய்வதே நேரிய வழி. ஒரு கை ஒட்டட்டும். மறு கை எழுதட்டும். அறையில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, நாளும் மணியும் பாகையும் குறித்து வைப்பதும், முறையீட்டின் படியைப் பாதுகாப்பதும், ஒட்டிய நாளை அந்த ஒட்டின்மேலேயே எழுதுவதும் எவருக்கும் இயலும். அப்போது ஒட்டு குறையை மறைக்கும் திரையாக இராது; குறை இங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளமாக நிற்கும்.

எழுத அஞ்சுவோர் உண்டு என்பதை நாம் அறிவோம். புதிதாகக் குடியேறியவர், மொழி அறியாதவர், வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்குபவர் ஆகியோருக்குத் தனித்து எழுதும் துணிவு எளிதில் வராது. இங்கேதான் மேல்மாடிக்காரரை நாம் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. வெக்கையால் சன்னலைத் திறப்பவரும், குளிரால் சன்னலை அடைப்பவரும் ஒரே பழுதின் இரு முனைகளில் வாழ்கின்றனர். ஒருவர் படியிறங்கி மற்றவரின் கதவைத் தட்டினால் போதும்; கட்டடத்தின் நோய் முழுமையாகப் புலப்படும். இருவர் பெயரால் எழுதப்படும் கடிதம் ஒருவர் பெயரால் எழுதப்படுவதைவிட எளிதில் குப்பைத்தொட்டியை அடையாது.

அடுக்குமாடியை விட்டு நம் வாழ்வின் பிற ஒட்டுகளையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். திருமணம் நல்லபடி நடந்தேற வேண்டும் என்பதற்காக அண்ணன் தம்பியர் சொத்துத் தகராற்றைத் தற்காலிகமாக மூடி வைக்கின்றனர். அது நல்ல ஒட்டு. திருமணம் முடிந்து பத்து ஆண்டுகள் ஆன பின்னும் எவரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றால், உள்ளே ஈரம் படிந்துவிட்டது என்று பொருள். 'நிலைமை சீரானதும் முறைப்படுத்திக் கொள்ளலாம்' என்று வேலையாளை அரைச் சம்பளத்தில் அமர்த்திய முதலாளிக்கு நிலைமை சீரான நாளை யார் நினைவூட்டுவது? குளிர் யார் மேனியில் உறைக்கிறதோ அவர் நினைவூட்டினால் அது முணுமுணுப்பாகக் கேட்கும். ஆதலின் நினைவூட்டும் கடமை குளிராதவர்களுக்கே மிகுதி.

எந்த அவசர ஏற்பாட்டைச் செய்யும்போதும் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இதைப் பிரித்தெடுக்கும் நாள் எது? இதனால் எவருடைய மூச்சேனும் அடைபடுகிறதா? இதைச் செய்ய வேண்டியவர் யார், அவருக்கு இது தெரியுமா? இம்மூன்றிற்கும் விடையிருந்தால் துணிந்து ஒட்டலாம். அந்த இரவில் அதைவிட நல்ல செயல் வேறில்லை.

குளிர்நாடுகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் பனி கரைந்து வெயில் சற்று உறைக்கும். சோப்பால் ஒட்டிய கீற்றுகளை ஈரத்துணியால் நனைத்து உரித்தெடுத்த குடும்பத்தார், அடுத்த இலையுதிர்காலம் வருவதற்குள் சட்டத்தைச் சீர்செய்யும் தச்சரைத் தேடிப் போக ஏறத்தாழ ஆறு மாத கால இடைவெளி இருந்தது. நாம் ஒட்டிய ஒட்டுகளுக்கும் அத்தகைய இடைவெளி ஒன்று கிடைக்கிறது. வெயில் வந்ததும் குளிரை மறப்பது மனித இயல்பு. அதை மறவாமல், வெயில் இருக்கும்போதே தச்சரைத் தேடிச் செல்லும் மனமே நாம் வேண்டிப் பெற வேண்டிய வரம்.